சீமைக் கெண்டைக்கு ஒரு முன்னேற்பாடு

1

இந்தக் கதையின் முதல் வரி என்னுடையது இல்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. எண்பத்து நாலாம் வருடக் கோடையில் மதுரை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "கெண்டை பிடிக்கச் சீமைக்குப் போறேன்," என்றார். அந்த ஆள் சிரிக்கவில்லை. "ஏன், அங்கிட்டுக் கம்மாயில தண்ணி கெடக்கா?" என்று மட்டும் கேட்டார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள், எனக்கு இடமில்லை. இடம் கிடைத்திருந்தால் உண்மையைத் தெரிந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன். இல்லாததால் எழுத வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "வைகையில் தண்ணீர் வற்றியிருந்தது. கருத்தக்கண்ணன் வெறும் மணலைப் பார்த்தபடி..." வேண்டாம். மதுரையில் கதை எழுதுகிறவன் எவனும் வைகையைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறான். ஆற்றுக்கே அலுத்துப்போயிருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "மீன் பிடிப்பதில் கருத்தக்கண்ணனை மிஞ்ச..." இது பச்சைப் பொய். அவனுக்கு மீன் பிடிக்கவே தெரியாது. அதுதான் கதையே. இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

கருத்தக்கண்ணனுக்கு விளாங்குடியில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை. மனைவி அன்னக்கொடி மேலூர்ப் பக்கத்துப் பெண். அவள் ஊரில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. கரையில் நின்று ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சனம் மொத்தமும் ஊத்தாவோடு தண்ணீருக்குள் பாயும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு எடுக்க வேண்டும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அந்த ஊர் மாப்பிள்ளை ஒருவன் வெறுங்கையோடு கரையேறினால் அவன் கதி என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

கருத்தக்கண்ணன் வெறுங்கையோடு ஏறியதே இல்லை. கல்யாணமான வருடத்திலிருந்து அவன் ஊத்தாவுக்குள் எப்படியும் ஒரு மீன் இருக்கும். கையை விடும்போது அது துடிக்காது, அவ்வளவுதான். அரை உயிரோடு இருக்கிற மீன் எல்லாம் தன்னையே ஏன் தேடி வருகிறது என்று ஆரம்பத்தில் யோசித்தான். பிறகு யோசிப்பதை நிறுத்திக்கொண்டான். அவன் கரையேறுவதற்கு முன்பே அன்னக்கொடி மசாலா அரைத்து வைத்திருப்பாள். மீனைவிட அந்த நம்பிக்கைதான் அவனுக்கு ருசியாக இருந்தது.

இந்த வருடம் மச்சினன் விருமாண்டி, பெண்கள் எல்லாம் கரையில் நிற்கையில், "மச்சான், ஒங்களுக்கு இந்தத் தடவை கெண்டையா, விராலா? சொல்லிட்டீகன்னா அதையே போட்டு விட்டுர்றேன்," என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், கருத்தக்கண்ணனும் சிரித்தான். வீட்டுக்கு வந்தால் அம்மி காய்ந்து கிடந்தது. அன்னக்கொடி அவன் கையைப் பார்த்தாள். மீன் இருப்பதைக் கண்ட பிறகுதான் எழுந்துபோய் மிளகாயை எடுத்தாள்.

4

இப்போது சீமை. பழைய மதுரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நூருல் அமீன் அவனுடைய சினேகிதர். அமீனின் தம்பி அப்துல் அலீம் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய பத்திரிகை ஒன்றை அமீன் படித்துச் சொன்னார்.

"கொளத்தாங்கரையில கூடாரம் போட்டு ஒரு வாரம் உக்காந்துருக்காய்ங்க மாப்ள. கெண்டை ஒண்ணு இருவது கிலோ. பிடிச்சு, போட்டோ எடுத்து, முத்தம் குடுத்து, திரும்பத் தண்ணியில விட்டுர்றாய்ங்க."

"திங்க மாட்டாய்ங்களா?"

"ஒவ்வொரு மீனுக்கும் பேரு வச்சிருக்காய்ங்க. பேரு வச்சதை எப்படித் திங்க?"

"அப்ப எல்லாருமே வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போறாய்ங்களா, பாய்?"

"ஆமா."

அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்புவதே மரியாதை என்று ஒரு தேசம் இருக்கிறது. அங்கே போய் ஒரு பெரிய கெண்டையைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வந்து மாட்டிவிட்டால் அன்னக்கொடி மறுபடியும்... (இந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.)

பாஸ்போர்ட் வந்தது.* கோச்சடைக்காரர் ஒருவரிடம் ஸ்வெட்டர் வாங்கினான். மொட்டைமாடியில் தூண்டில் வீசிப் பழகி, கொடியில் காய்ந்த சேலையைப் பிடித்தான். அங்கே கெண்டைக்கு மாவு உருண்டைதான் இரையாம். கேப்பை மாவில் முட்டையும் சோம்பும் போட்டு உருட்டி அவித்துப் பார்த்தான். அன்னக்கொடி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்புப் பத்தல," என்றாள்.

* பக்கத்து வீட்டு சீனியம்மாள், "வெளிநாட்டுல என்ன வேலை?" என்று கேட்டாள். மீன் பிடிக்க என்றான். "மீன் கம்பெனியா? சம்பளம் எம்புட்டு? எங்க மவன் காளைக்கும் ஒரு விசா பாரேன்," என்றாள். கடையைப் பூட்டிவிட்டுச் சும்மா போகிறான் என்பதை அந்தத் தெருவில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

பயணத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அந்த வருடம் ஏகப்பட்ட மோட்டார் எரிந்தது. இதற்கு மேல் கணக்குக் கேட்காதீர்கள்.

5

முடிவு ஒன்று. போகிறான், பிடிக்கிறான், போட்டோ சுவரில் ஏறுகிறது. விருமாண்டி வந்து பார்த்து, "யாரு பிடிச்சதை மச்சான் கையில குடுத்தாய்ங்க?" என்கிறான். கோடு போட்டு அடித்துவிட்டேன். விருமாண்டிக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க மனமில்லை.

முடிவு இரண்டு. பெட்டி கட்டும்போது அன்னக்கொடி, "விருமாண்டியப் போடச் சொன்னதே நாந்தேன். ஒங்க மொகம் வாடக் கூடாதுன்னு," என்கிறாள். அவன் அழுகிறான். வாரப் பத்திரிகைகள் கேட்டு வாங்கிப் போடும். ஆனால் அதைக் கேட்ட மனிதன் அப்புறம் வாளித் தண்ணீரிலாவது கை வைப்பானா? இதையும் அடித்தேன்.

முடிவு மூன்று. அடுத்த கோடை, அதே கண்மாய், ஊத்தாவுக்குள் விட்ட கையில் உயிருள்ள ஒரு கெண்டை திமிறுகிறது. நன்றாகவே வந்திருந்தது. இரண்டு நாள் என்னையே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பிறகு யோசித்தால், அந்த மீனைப் போட்டது யார்? நான்தான். அவனுக்குத்தான் பிடிக்கத் தெரியாதே. மச்சினன் கையால் செய்ததை நான் பேனாவால் செய்திருக்கிறேன்.

வெட்கமாகப் போய்விட்டது.

6

ஆகவே மிஞ்சுவது இது மட்டும். அமீனின் கடையில் அலீமுக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருக்கிறார்கள். மத்தியானம் லைன் கிடைக்கிறது. கருத்தக்கண்ணன் போனை வாங்கி, முதல் கேள்வியாக, "தம்பி, எனக்கு மாட்டுமாப்பா?" என்கிறான்.

அலீம் அங்கிருந்து சிரிக்கிறான். நல்ல பிள்ளை, விருந்தாளி என்றால் உயிரை விடுவான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேண்ணே. ஒங்க தூண்டில்ல சிக்கலைன்னா என் தூண்டில்ல சிக்குனதை ஒங்க கையில குடுத்து போட்டோ எடுத்துருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

கருத்தக்கண்ணன் போனை மற்றக் காதுக்கு மாற்றுகிறான். அமீன், என்ன சொல்றான் என்று சைகையில் கேட்கிறார்.

"அண்ணே, லைன்ல இருக்கீகளா? டிக்கெட் போடச் சொல்லவா?"

அவன் என்ன பதில் சொன்னான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அனுப்புங்கள், நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். பாவமாக இருக்கிறதே என்று அவன் கையில் ஒரு மீனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இதுவரை பாவம் பார்த்தவர்களே அவனுக்குப் போதும்.