பத்து ரவுண்டு நின்ற ரோஸ்கோ

பழைய குத்துச்சண்டை வீரர் லெமுவல் காஸ்கின்ஸை அடக்கம் செய்துவிட்டு வந்து, வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் தேவாலய அடித்தளத்தில் எல்லாரும் கோழி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துக்கம் தொண்டையை அடைக்கும் என்பார்கள். ஹெசக்கையா மேப்ரிக்கு அடைக்கவில்லை. மூன்றாவது தொடையைக் கடித்தபடி, உலகத்திலேயே தலைசிறந்த மிடில்வெயிட் எடைப்பிரிவுக் குத்துச்சண்டை வீரர்கள் பத்துப் பேரை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பயிற்சியாளராக இருந்தவர். யாரும் கேட்டு அவர் அந்த வரிசையைச் சொன்னதில்லை.

"முதல் ஆள் ஷுகர் ரே ராபின்சன். இதுல பேச்சே கிடையாது" என்றார், அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசப்போகிறவர்.

"ஹாரி கிரெப்பை எங்கய்யா விட்டே?" என்றார் எதிரே இருந்த தேவாலய ஊழியர் டீக்கன் பர்னெல்.

"அவன் சண்டை போட்ட படம் ஒண்ணாவது பாத்திருக்கியா? கண்ணால பாக்காத ஆளை எப்படிய்யா நம்புறது?"

"தேவாலயத்துல உக்காந்துக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது?"

கிரெப் இரண்டாம் இடத்துக்கு வந்தார். ஹேக்லருக்கும் மோன்சோனுக்கும் நடுவே ஒரு தட்டு கீரை ஆறிப்போயிற்று. பத்து இடமும் நிறைந்த நேரத்தில், இறந்தவரின் மனைவி வெர்டெல் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"எங்க லெம் எத்தனாவது அண்ணே?"

மேப்ரி தன் தட்டிலிருந்த எலும்புகளைப் பார்த்தார். "லெம் ரொம்ப நல்ல மனுஷன், சிஸ்டர்."

குத்துச்சண்டைக்காரர்கள் நடுவில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வெர்டெல் தலையசைத்துவிட்டு நகர்ந்தாள்.

மேசைக் கோடியில் இருந்த ரோஸ்கோ டில்லரி தட்டைத் தள்ளி வைத்தார். தொடர்ந்து பதினான்கு பேரைச் சாய்த்த லெமுவலிடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் பத்து ரவுண்டும் விழாமல் நின்றவர் அவர். அவருக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். தெருவில் அவர் பெயரே 'பத்து ரவுண்டு'. அந்தப் பெயர் போனால் வெறும் ரோஸ்கோ. வெறும் ரோஸ்கோவுக்கு முடிதிருத்தும் கடையில் நாற்காலிகூடக் கிடைக்காது.

எழுந்தார்.

"எட்டாவது ரவுண்டுல நான் செத்துட்டேன்."

இழவுச் சாப்பாட்டில் இன்னொருவர் இப்படிச் சொன்னால் யாரும் திரும்பித்தான் பார்ப்பார்கள்.

"நின்னுக்கிட்டே நினைவு போச்சு. கை ரெண்டும் தொங்குது. இன்னொரு குத்துதான் பாக்கி. லெம் குத்தல. கட்டிப் பிடிச்சுக்கிட்டான். 'உன் பேரு என்ன, சொல்லு'ன்னு காதுல கேக்குறான். ரோஸ்கோன்னேன். 'ரோஸ்கோ, மூச்சு விடு'ன்னான். நடுவர் பிரிச்சு விட, திரும்ப வந்து கட்டிக்கிட்டான். மிச்ச ரவுண்டெல்லாம் என் கைமேலயே குத்தினான். கூட்டம் அவனைப் பாத்துதான் கேலிக் கூச்சல் போட்டுச்சு. அவனுக்குப் பட்டச் சண்டை ஏற்பாடு பண்றேன்னு வந்திருந்த ஆளு, 'இந்த லெமுக்கு வெறி பத்தாது'ன்னு எழுந்து போயிட்டான்."

"அப்ப பத்து ரவுண்டு இல்லையா?" என்றார் மேப்ரி.

"ஏழரை."

"ஏழரை ரோஸ்கோ!" டீக்கன் சிரித்தார். நாலு மேசை சிரித்தது.

"சிரிங்கடா. அம்பது வருஷமா அவனுக்கு நன்றி சொல்லணும்னு நினைக்கிறேன். சொன்னா என் பேரு போயிடுமேன்னு சொல்லல. மேப்ரி, உன் பத்துப் பேருகிட்ட அடி வாங்கினவங்கள்ல எத்தனை பேருக்கு இன்னிக்குப் பொண்டாட்டி பேரு ஞாபகம் இருக்கு? எனக்குப் பதினோரு பேரப்பிள்ளைங்க. பிறந்தநாளோட சொல்லட்டுமா?"

"வேணாம்யா" என்றார் மேப்ரி.

"இமானி, மார்ச் ஒம்பது. குவாமே, ஜூலை ரெண்டு. லடோனியா, அதே ஜூலை, இருபத்தாறு..."

ஐந்தாவது பெயரில் மேப்ரி கும்பிடு போட்டார். ஆறாவதில் டீக்கன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ரோஸ்கோ நிறுத்தினார்.

வெர்டெல் தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏழாவது யாரு?" என்றாள்.