பல்லுப் போன பாக்கெட்

அக்கா மகள் பள்ளிக்கூடம் போனாள், கடைக்குப் போனாள், பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் ரிமோட்டை உடைத்துவிட்டும் வந்தாள். போக வேண்டிய இடத்துக்கு மட்டும் ஆறு நாளாகப் போகவில்லை.

வயது ஆறு. வீட்டில் சில்வண்டு என்று கூப்பிடுவோம். எப்போதோ ஒரு தடவை கெட்டியாக வந்து வலித்துவிட்டது. அன்றிலிருந்து வயிறு கூப்பிட்டால் மேசைக் காலைக் கட்டிப்பிடித்து, கால்களைப் பின்னி, முகம் சிவக்க நிற்பாள். பார்க்கிறவர்கள் முக்குகிறாள் என்பார்கள். முக்கவில்லை, அடக்குகிறாள். அடக்க அடக்க உள்ளே இருப்பது இன்னும் இறுகும். அடுத்த தடவை இன்னும் வலிக்கும்.

"கதவு பூட்டியிருக்குடா மாப்ளே. மேல நின்னு எவ்வளவு பட்டன் அழுத்தினாலும் லிஃப்ட் வராது" என்றார் அத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். தலைவலியிலிருந்து கல்யாணம் வரை அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான்.

போன தடவை பத்து நாளாகி, ஆஸ்பத்திரியில் பின்னால் குழாய் வைத்துக் கழுவினார்கள். சில்வண்டு நர்ஸின் மணிக்கட்டைக் கடித்தாள். இரண்டு பேர் அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒருத்தி என் அக்கா. அதற்கப்புறம் ஒரு வாரம் சில்வண்டு அம்மாவோடு பேசவில்லை.

"மறுபடியும் வயிறு கல்லாச்சுன்னா அட்மிட் பண்ணிக் குழாய்தான்" என்றார் குழந்தைகள் டாக்டரம்மா. சில்வண்டு தன் பின்பக்கத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். "எல்லாக் குழந்தைக்கும் இளக்குற சிரப் உண்டு. அது கூட தினம் ஒரு பாக்கெட் பொடி. பாதிப் பேருக்கு ப்ரோபயாட்டிக், உயிரோட இருக்கிற நல்ல பாக்டீரியா. மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"நல்லா கேக்குமா டாக்டர்?" என்றாள் அக்கா.

"அது தெரிஞ்சா உங்க பொண்ணு கக்காவை இருபத்தெட்டு நாள் எழுதி வைக்கச் சொல்லுவேனாம்மா?"

"எழுத ஆள் இருக்கு. இவன் சும்மாதான் இருக்கான்" என்று அக்கா என்னைக் கை காட்டினாள்.

மருந்துப் பொடியைப் பாக்கெட் போடும் ஃபேக்டரியில் இராத்திரி ஷிஃப்டை விட்டு எனக்கு மூன்று மாதம். வேலையை விட்டவனுக்கு வீட்டில் படிப்படியாகப் பதவி தருவார்கள். பால் வாங்குவது, துணி மடிப்பது என்று ஏறி, பீ குறிப்பெழுதுவது வரை வந்துவிட்டேன். ஏழு படம் போட்ட நோட்டு ஒன்று கொடுத்தார்கள். ஒன்றாம் நம்பர் ஆட்டுப் புழுக்கை, ஏழு வெறும் தண்ணீர். நாலு என்றால் வழவழவென்று வாழைப்பழம், உத்தமம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் மேல் ஓரத்திலும் மெஷின் பற்கள் வரிவரியாக அழுத்தி ஒட்டியிருக்கும். இதில் வலப்பக்கம் ஒரு வரி இல்லை. அந்தப் பல்லுப் போன மெஷினின் முன்னால் நான் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். சூட்டில் காய்கிற அந்தக் கூடத்துக்குள் உயிருள்ள சரக்கை விடமாட்டார்கள். அதற்குக் குளிர் போட்ட வேறு கட்டிடம். எங்கள் மெஷினில் ஓடியது மாவு, வெறும் மாவு.

நான் அடைத்த மாவு என் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அக்கா அந்தப் பெட்டியை நகை மாதிரி பீரோவில் வைத்திருந்தாள். இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் சில்வண்டு போனாள்.

சாப்பிட்டதும் சிரப், பிறகு தண்ணீரில் கலக்கிய பொடி, அதன்பின் பத்து நிமிடம் டாய்லெட்டில் உட்கார வேண்டும். இது டாக்டரம்மா சட்டம். கால் தொங்கக் கூடாது என்று அத்தானின் பழைய டூல்பாக்ஸை அடியில் வைத்தேன். கதவுக்கு வெளியே கவிழ்த்த வாளியில் நான்.

"மாமா, பொடியோட உள்ள போனவங்க என்ன பண்ணுவாங்க?"

"தள்ளுவாங்க."

"எத்தனை பேரு?"

"கோடிக்கணக்குல."

"நைட்லயும் வேலை பார்ப்பாங்களா?"

"பார்ப்பாங்க."

"உன்ன மாதிரி பாதில விட்டுட்டு வந்துட மாட்டாங்களே?"

குழந்தைகள் என்றாலே உருகுகிறவர்களுக்கு அக்கா மகள் இருப்பதில்லை.

பல்லுப் போன இடத்தை அவளும் கண்டுபிடித்துவிட்டாள். "இதுதான் வாசல். இது வழியாத்தான் அவங்க பாக்கெட்டுக்குள்ள போயிருக்காங்க" என்றாள். நான் மறுக்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு என்று நோட்டு நிறைந்தது. வாரத்துக்கு ஒரு நாள் போனவள் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாள். மேசைக் காலுக்கு ஓய்வு கிடைத்தது.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் யூனிஃபார்ம் தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறாள். அங்கே பட்டன் தைக்கிறவளின் மகனுக்கும் இதே சிக்கல். யாரையும் கேட்காமல் ஆறு பாக்கெட்டை அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"எண்ணித்தானேக்கா கொடுத்தாங்க! மிச்ச நாளுக்கு என்ன பண்றது?"

"பெத்தவளுக்குத்தாண்டா அந்த வேதனை தெரியும். நீ எழுதுற வேலையை மட்டும் பாரு."

இருபத்து மூன்றாம் நாள் பெட்டி காலி. சில்வண்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆளுங்க இல்லாம எப்படி வரும்?" டாய்லெட்டில் உட்கார மாட்டேன் என்று மேசைக் காலிடம் போய்விட்டாள். இருபத்தாறாம் நாள் வயிற்றைத் தொட்டால் தேங்காய். இருபத்தெட்டாம் நாள் டாக்டரம்மா பார்க்கப் போகிறார். அவர் கையில் அந்தத் தேங்காய் தட்டுப்பட்டால் குழாய்.

"நீ பாக்கெட் போட்ட ஆள்தானே. ஒண்ணு போடேன்" என்றார் அத்தான்.

காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்ததால் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றில் சமையலறை மாவைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தைத் தேய்த்தேன். இரண்டு வருட அனுபவசாலி ஒரே ஒரு பாக்கெட் ஒட்ட முக்கால் மணி நேரம் எடுத்தேன், கட்டைவிரலும் வெந்தது.

இருபத்தேழாம் நாள் காலை சில்வண்டு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"வாசல் எங்க?"

"இது... புது மாடல்."

"பொய். வாசல் இல்லாம எப்படி உள்ள போனாங்க? இது நீ பண்ணது. கருகின நாத்தம் வருது."

ஆறு வயதில் இவ்வளவு நல்ல தரப் பரிசோதகர் எங்கள் ஃபேக்டரியில் இருந்திருந்தால் அந்தப் பல்லை அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது.

"சரி, கேளு. அதுலயும் யாரும் இல்ல. வெறும் மாவு. என் மெஷின்ல நான் அடைச்சது."

"கோடிப் பேரு?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப யாரு தள்ளினது?"

"சிரப் இளக்குச்சு. தள்ளினது நீதான்."

அவள் என்னை முறைத்தாள். ஏமாந்த மேனேஜர்கள் முறைப்பது மாதிரி இருந்தது. "இத்தனை நாளு எல்லா வேலையும் நான் ஒருத்தியேவா பார்த்தேன்?" என்றவள் விறுவிறுவென்று டாய்லெட்டுக்குள் போனாள். டூல்பாக்ஸை உதைத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. அழுகை கேட்டது. கெட்டவார்த்தை ஒன்று கேட்டது, அத்தானுடையது. கடைசியில் தொப்பென்று ஒரு சத்தம்.

"மாமா, வந்து பாரு. என்ன நம்பர்?"

"முதல்ல ரெண்டு. அப்புறம் நாலு."

"ரெண்டையும் எழுது."

மறுநாள் டாக்டரம்மா அவள் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். "சாஃப்ட்டா இருக்கு. குழாயெல்லாம் வேண்டாம்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பொடி இன்னும் மூன்று மாதத்துக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.

"அது மாவு" என்றாள் சில்வண்டு. "மாமா அடைச்சது. பல்லு இல்லாத மெஷின். மிச்சத்தை அம்மா பட்டன் அத்தைக்குக் குடுத்துட்டாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப ஓரத்தைப் பார்த்தாலே எது மாவுன்னு தெரிஞ்சுடுமே" என்று நர்ஸைக் கூப்பிட்டு, அலமாரியில் இருக்கும் எல்லாப் பெட்டியையும் வெளியே எடுக்கச் சொன்னார். பிறகு எங்கள் நோட்டைத் திறந்து பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷம் பாக்கெட் வாயை அடைச்சவன், உன் வாயை அடைக்க முடியலையாடா?" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"நீ பங்கு வச்சுக் குடுக்காம இருந்திருந்தா அடைச்சுதான்க்கா இருந்திருப்பேன்."

சில்வண்டு மேசை மேல் எம்பி நோட்டைப் பார்த்தாள். "நான் போனதை எல்லாம் ஏன் அடிக்கிறீங்க?"

"இது இனி கணக்குல வராதும்மா."

"வந்துச்சே! மாமா பார்த்தாரு!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் இருபத்தேழாம் நாள் பக்கத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதிலும் கோடு போட்டார். சிரப்பையும் உட்காருவதையும் மட்டும் விடக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை வழக்கம்போல வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். சில்வண்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீ போ மாமா. இனிமே எழுதவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு மாதத்துக்கு முன் விட்ட வேலையை நானாகத்தான் விட்டேன். இதிலிருந்து துரத்திவிட்டார்கள்.

வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா! கால் எட்டல!"

கதவை லேசாகத் திறந்து, வெளியே கிடந்த டூல்பாக்ஸைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, துணி மடிக்கப் போனேன்.