பால் கட்டியிருந்த டால்பின்

மாட்டு டாக்டர் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, தொழுவத்துக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுடைய கொழுந்தன் போனில் அழைத்தான். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். அண்ணியிடம் பேச்சில் மாட்டினால் லேசில் மீள முடியாது என்று எதையும் அண்ணன் வழியாகவே சொல்லி அனுப்புகிறவன். அவனே நேரடியாகக் கூப்பிடுகிறான் என்றதும் அவள் சோப்புக் கையோடு போனை எடுத்தாள்.

"அண்ணி, இங்க ஒண்ணு வந்து மாட்டிக்கிச்சு. டால்பின்னு நெனைக்கிறேன், ஆனா இந்த மாதிரி பாத்ததில்ல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

தனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடும் மாடும்தான் என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

படகுகளைக் கரையேற்றும் சரிவில், இடுப்பளவு நீரில், அது அசையாமல் கிடந்தது. படகு ஆட்கள் நனைத்த சாக்கை அதன் முதுகில் போர்த்தி, வாளியால் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் இறங்கி உள்ளங்கையை வைத்தாள். தோல் நீர் ஊறிய ரப்பர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதற்கடியில் இதயம் அடித்துக்கொண்ட வேகம் அவள் கையையே உலுக்கியது. பீப்பாய் போன்ற உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னத் துடுப்புகள். உடம்புக்கு அளவெடுத்தவன் ஒருத்தன், துடுப்புக்கு அளவெடுத்தவன் வேறொருத்தன் போலிருந்தது. கண்ணிலிருந்து வால் பக்கம்வரை மையை இழுத்து ஈஷியதுபோல் கறுப்புப் பட்டை. வயிறு மட்டும் ரோஜா நிறம்.

படம் எடுத்துக் கல்லூரித் தோழிக்கு அனுப்பினாள். தோழி கடல் அருங்காட்சியகத்தில் எலும்புகளை ஆராய்கிறவள். அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது.

"ஏய், உயிரோடயா இருக்கு?"

"மூச்சு விடுதுடி."

அது ஃபிரேசர் டால்பின் என்றாள் தோழி. எங்கோ ஒரு கரையில் கிடைத்த ஒற்றை எலும்புக்கூடு அறுபது வருஷம் அலமாரியில் பெயரில்லாமல் கிடந்ததாம். பெயர் வைத்த பிறகும் பல வருஷம் அதை உயிரோடு பார்த்ததாகச் சொல்ல யாருமில்லையாம். தானும் இத்தனை காலம் மண்டையோட்டைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன் என்றாள். தரை தெரியாத ஆழ்கடலில் வாழ்வது. வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, உடம்பில் விளக்கு எரிகிற மீன்களைத் தின்றுவிட்டு ஏறி வரும். படகைக் கண்டால் ஓடிவிடும். நூற்றுக்கணக்கில் தோளோடு தோள் ஒட்டித்தான் திரியும். தனியாக இருந்து அதற்குப் பழக்கமில்லை.

பேசிக்கொண்டே டாக்டரின் கை பழக்கத்தில் அடிவயிற்றுக்குப் போனது. இரண்டு சின்னப் பிளவுகள். லேசாக அழுத்தியதும் வெண்ணெயைக் கரைத்த மாதிரி கெட்டியாகப் பால் பீய்ச்சியது. இரண்டு பக்கமும் பால் கட்டிக் கல்லாயிருந்தது.

"குட்டி இருக்குடி," என்றாள். "வெளிய எங்கயோ பசியோட கிடக்கு."

 தோழி மெதுவாகச் சொன்னாள். "அங்கயே விட்டா செத்துரும். தூக்கிட்டுப் போனா பயத்துலயே வழியில போனாலும் போயிரும். எது நடந்தாலும் உம்மேல தப்பில்ல."

"தப்பு கிடக்கட்டும். எவ்வளவு ஆழம் வேணும்னு சொல்லு."

கித்தானில் படுக்கவைத்து, கிரேனால் தூக்கி, இழுவைப் படகின் தளத்தில் விரித்த, ஆட்கள் படுக்கும் மெத்தைமேல் இறக்கினார்கள். துறைமுகம் தாண்டும்வரை டாக்டர் அதன் மூச்சுத் துளையில் நீர் போகாமல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தபடி, தெரிந்த கதையெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே வந்தாள். ரோஜா நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. கடல் பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு மசி நிறமானது. ஆழம் காட்டும் கருவியில் எண்கள் ஏறிக்கொண்டே போய்க் காணாமல் போயின.

"இதுக்குமேல கருவிக்கு எட்டாது, அண்ணி," என்றான் கொழுந்தன்.

இறக்கினார்கள். அது சரிந்து, மூட்டையைப் போல் மூழ்கியது. அவ்வளவுதான் என்று அவள் கைப்பிடியை இறுகப் பற்றினாள். கீழே வால் ஒருமுறை அடித்தது. மேலே வந்து மூச்சை ஊதியது. திசை தெரியாததுபோல் படகை ஒட்டியே மிதந்தது.

கொழுந்தன் எஞ்சினை நிறுத்தினான். அந்த அமைதியில் படகின் இரும்புக்குள்ளிருந்து மெல்லிய விசில் எழுந்தது. அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சுவரில் காதை வைத்தாள். அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, விடாமல். பதிலே இல்லை. காது மரத்துப்போன சமயம் வெகுதூரத்தில் ஒரு விசில் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு சுவர் முழுக்கச் சீழ்க்கையும் சொடுக்குமாக நிறைந்து, பல்லெல்லாம் கூசியது.

மேலே ஓடிவந்தாள். தொடுவானத்தில் அலை உடைவதுபோல் வெள்ளைக் கோடு. உடைவதற்கு அங்கே கரையே இல்லை. அந்தக் கோடு அவர்களை நோக்கி வந்தது. நுரையைக் கிழித்துக்கொண்டு கறுப்பு முதுகுகள், ஒன்றோடொன்று உரசியபடி, எண்ண முடியாத அளவுக்கு. ஓடிவிடும் என்று தோழி சொன்னவை படகின் இரு பக்கமும் பிளந்து பாய்ந்தன. அத்தனை மூச்சும் சேர்ந்து மழையாக முகத்தில் தெறித்தது. கொழுந்தன் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றியிருந்தான்.

கூட்டத்திலிருந்து சின்னது ஒன்று தெறித்து வந்தது. நேரே தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து, கன்றுக்குட்டி மடியை முட்டுவதுபோல் முட்டியது. தாய் ஒருக்களித்துக் கொடுத்தது. மற்றவை அவ்விரண்டையும் நடுவில் விட்டுச் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு எல்லாம் ஒன்றாக நகர்ந்து, சற்றுத் தள்ளிப் போய், தலைகீழாக இறங்கின. கடல் மூடிக்கொண்டது.

 அவள் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் காலடியில் எவ்வளவு தூரம் இருட்டு இறங்குகிறது, அதற்குள் விளக்கேற்றிய மீன்களைத் தேடி அவை போகின்றன என்று நினைக்க நினைக்க, உட்கார்ந்திருந்த இரும்புத் தகடு ஒரு காகிதமாகத் தோன்றியது.

அடுத்த மாதம் தோழி வந்தாள். இருவரையும் ஏற்றிக்கொண்டு கொழுந்தன் அதே ஆழத்துக்குப் போனான். வெகுதூரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று எழுந்து, படகின் சத்தம் கேட்டதும் திரும்பி மறைந்தது. அவ்வளவுதான் தோழி பார்த்தது. கரை வரும்வரை அந்தத் திசையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.