தெல்தோட்டையிலிருந்து நடந்து வந்த ரோஜா

1932 ஏப்ரலில் தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் முற்றத்திலிருந்து புறப்பட்ட ரோஜாச் செடி, 1933 ஜனவரி கடைசியில் அம்பிட்டியவுக்கு வந்து சேர்ந்தது. தூரம் பதினைந்து மைல். ஒரு நாளைக்குச் சராசரியாக நூறு கஜம், அடைமழை நாட்களில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வழியில் இரண்டு தடவை பூத்தது.

தூரத்தை அளந்து எழுதியவர் பளீல். கண்டியில் அப்போது இருந்த மலைநாட்டு ரோஜாச் சங்கத்தின் பதிவு எழுத்தர். புதிதாக ஒரு ரோஜாவை உண்டாக்கியவர் அதன் நிறம், இதழ்க் கணக்கு, முள், வாசம், தாய்ச்செடி, தகப்பன்செடி எல்லாவற்றையும் சொல்லிப் பதிந்துகொண்டால், ஏழு வருஷத்துக்கு அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதன் கொப்பை ஒட்டவோ விற்கவோ கூடாது என்பது சங்கத்தின் விதி. விதி அப்படி இருந்ததால் பொய்யும் நிறைய வந்தது. வெள்ளை ரோஜாவைச் சிவப்பு மைத்தண்ணீரில் நிறுத்திக் கொண்டுவந்தார்கள். நகவெட்டியால் முள்ளையெல்லாம் கிள்ளிவிட்டு முள்ளில்லா ரோஜா என்றார்கள். பளீல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு இதழையும் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். பதினொரு வருஷம் இப்படிப் பார்த்துப் பார்த்து அது அவருடைய சுபாவமாகவே ஆகிவிட்டிருந்தது. வீட்டில் மனைவி பஸீஹா உப்பு முடிந்துவிட்டது என்று சொன்னால், எழுந்துபோய்ச் சாடிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். பஸீஹா சாடியைத் திறந்தே வைத்துவிடுவாள்.

தெல்தோட்டைச் செடியைப் பதியப் பளீல் போனது 1932 ஜனவரியில். உள்ளிதழ் பாதாமி நிறம், வெளியிதழ் தேயிலைக் கொழுந்தின் செம்பு நிறம், இதழ் முப்பத்துநான்கு, முள் கீழ்நோக்கி வளைந்தது. பஞ்சில் சாயம் ஒட்டவில்லை. தாய் எது, தகப்பன் எது என்று கேட்டபோது துரை தோட்டக்கார மூக்கையாவைப் பார்த்தார். மூக்கையா தரையைப் பார்த்தான். வேலியோரம் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண்தான் பதில் சொன்னாள்.

"போர்ட்டிக்கோ வெள்ளக்கொடிதாங்க தாயி. மாரியம்மன் கோயில் செவப்பு தகப்பன். கோழி எறகால பூத்தூளத் தொட்டு வச்சு, சீலத்துணி கிழிச்சுக் கட்டுனது."

பளீல் எழுதிக்கொண்டார். உண்டாக்கியவர் என்ற இடத்தில் துரையின் பெயரைச் சொன்னார்கள், அதையும் எழுதினார். ரோஜாவுக்குத் துரைசாணியின் பெயரை வைத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பெண் யாராக இருக்கும் என்று யோசித்தார். ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டவர், தான் எழுதியதை மட்டும் சந்தேகிக்காமல் வீட்டுக்குப் போனார்.

ஏப்ரலில் துரையிடமிருந்து தந்தி வந்தது: செடி திருட்டுப் போய்விட்டது. மறுநாள் இன்னொன்று: கிடைத்துவிட்டது, தேயிலைக்குள் நிற்கிறது. மூன்று தடவை பிடுங்கிக் கொண்டுவந்து நட்டார்கள், மூன்று தடவையும் போனது. இது மூக்கையா செய்கிற வேலை என்று துரை கூலிப் பட்டியலிலிருந்து அவன் பேரை வெட்டினார். அவனோடு சேர்த்து அவன் பெண்சாதி வீரம்மா பேரையும் வெட்டினார். வேலியோரம் நின்று பதில் சொன்னவள் அவள்தான். புருஷனும் பெண்சாதியும் தொழிலாளர் லயத்து வாசலில் சட்டி பானையை வைத்துக்கொண்டு சண்டை பிடித்து, ஆளுக்கொரு பக்கம் போனார்களாம். நான்காவது தடவை செடி தோட்டத்து எல்லையைத் தாண்டி கவர்மெண்டு ரோட்டில் ஏறியபோது, சங்கம் விசாரிக்கச் சொல்லி பளீலை அனுப்பியது.

அவர் முதலில் மூக்கையாவைச் சந்தேகித்தார். அவன் பத்து மைலுக்கு அப்பால் தலாத்துஓயாவில் வாழைத்தோட்டத்தில் கூலிக்கு நின்றான் என்று தெரிந்ததும், ரோட்டு வேலைக் கங்காணியைச் சந்தேகித்தார். செடியைச் சுற்றிச் சாம்பல் தூவினார். காலையில் சாம்பலில் காலடி இல்லை, செடியும் இல்லை. தண்டில் நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்தார். நூலும் முத்திரையும் அப்படியே இருக்க, செடி மட்டும் வளைவு தாண்டி நின்றது. பழைய இடத்தில் பள்ளமும் இல்லை, மண் அமர்ந்து கிடந்தது. கடைசியில் ஒரு குடையோடு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்வரை செடி அசையவில்லை. நடுப்பகல் லுஹருக்குப் பாய் விரித்துத் தொழுதார். நெற்றியைத் தரையில் பதித்த ஸுஜூதிலிருந்து எழுந்து, ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பியபோது அது இரண்டு முழம் முன்னால் போயிருந்தது. பளீல் பாயைச் சுருட்டினார். குறிப்புப் புத்தகத்தில் நேரத்தையும் தூரத்தையும் எழுதினார். தன் கண்ணையே சந்தேகித்து, கண்டிக்குப் போய் வைத்தியரிடம் காட்டினார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

அதற்குப் பிறகு ரோட்டோரத்து ஆட்களுக்கு அது பழகிவிட்டது. வெயில் நேரத்தில் வண்டிக்காரர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். மூக்கையாவிடம்தான் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மூக்கையாவும் நம்பினான். தான் உண்டாக்கியதைத் துரை பிடுங்கிக்கொண்டான், செடிக்குத் தெரியும் யார் கை என்று, எனத் தலாத்துஓயா முழுக்கச் சொல்லிவைத்தான். குடிசை வாசலில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, மாட்டெருவும் எலும்புத்தூளும் போட்டு, வாழைக்குருத்துத் தோரணம் கட்டினான். நவம்பர் ஆரம்பத்தில் செடி வந்தது. வேடிக்கை பார்க்க நாற்பது ஐம்பது பேர் கூடினார்கள். மூன்று நாள் குடிசைக்கு எதிரே மதகடியில் நின்றது. நான்காம் நாள் குடிசைக்கு அந்தப் பக்கம் நின்றது.

பளீல் போனபோது மூக்கையா குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"எங்கே போகுதுண்டு உனக்குத் தெரியும்," என்றார் பளீல். "சொல்லு."

மூக்கையா காலைக் குழியிலிருந்து எடுத்தான். "அது எனக்காக வரலீங்க ஐயா," என்றான். "எறகு புடிச்சது எம் பொஞ்சாதி. வெத போட்டது அவ. போர்ட்டிக்கோவுல ஏணிய மட்டும் நான் புடிச்சுக்கிட்டேன். தொரை கேட்டப்ப நான் செஞ்சதுன்னு சொல்லிட்டேன். தொரை, தானே செஞ்சதா சொன்னாரு. அவள யாரும் கேக்கல."

வீரம்மா அம்பிட்டியவில் ஒரு கொக்கோத் தோட்டத்தில் காய் உடைத்துக்கொண்டிருந்தாள். ஜனவரி கடைசியில் ஒரு காலை செடி அவள் வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றது. பளீல் அதற்கு முன்னாலேயே வந்து, எதிரிலிருந்த தேநீர்க் கடையில் இரண்டு நாளாகக் காத்திருந்தார். அவள் செடியைப் பார்த்தாள். பிறகு கடையிலிருந்து இறங்கி வந்த அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை.

"நீங்கதானே கொண்டாந்து வச்சீங்க?" என்றாள்.

"நானா?"

"எதுக்கு? கைநாட்டு வாங்கவா? களவு எடுத்தேன்னு எழுதிக்கிட்டுப் போகவா?"

"அல்லாஹ்வே, அது தானா வந்தது. பதினைந்து மைல். நான் அளந்திருக்கன்."

"அன்னைக்கு நான் சொன்னதையெல்லாம் எழுதுனீங்க. சொன்னது யாருன்னு எழுதுனீங்களா?"

பளீல் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை மூடினார். பதினொரு வருஷத்தில் அவரை யாரும் பஞ்சால் துடைத்துப் பார்த்ததில்லை. வெயிலில் நின்றபடியே, "எழுத இல்ல," என்றார். "பிழை என்னுடையது."

அவள் படலைக்கு வெளியே வந்தாள். குனிந்து செடியின் அடி மண்ணை விலக்கினாள். வேர்கள் கல்லிலும் தாரிலும் தேய்ந்து, நுனிகள் வெறுங்காலில் நடந்தவனின் குதிகாலைப் போல வெடித்திருந்தன. உள்ளே போய் ஒரு சட்டித் தண்ணீரும் கொஞ்சம் மஞ்சளும் கொண்டுவந்து ஒவ்வொரு வேராகக் கழுவினாள். படலையை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, பளீலிடம், "அந்தப் பக்கம் திரும்பிக்கங்க," என்றாள். அவர் திரும்பிக்கொண்டார். மறுபடி பார்த்தபோது செடி முற்றத்துக்குள் இருந்தது.

சங்கத்துப் பதிவேட்டில் துரையின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, உண்டாக்கியவர் வீரம்மா என்று பளீல் எழுதினார். செடி வளரும் விதம் என்ற இடத்தில் புதர், கொடி என்று இரண்டு சொற்கள் அச்சடித்திருந்தன; இரண்டையும் வெட்டிவிட்டு நடக்கும் என்று எழுதினார். துரை ஆட்சேபித்தார். கமிட்டி உறுப்பினர்கள் மூன்று பேர் காரில் வந்து, வீரம்மா படலையைப் பிடித்துக்கொண்டு கத்தக் கத்தச் செடியைச் சாக்கில் சுற்றித் தெல்தோட்டைக்கே கொண்டுபோனார்கள். சுற்றிலும் முள்ளுக்கம்பி அடித்தார்கள். பளீலைச் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை வழி தெரிந்திருந்ததால் செடிக்கு ஐந்து மாதம்தான் பிடித்தது. அது அம்பிட்டியவுக்கு வந்த அன்று மூன்று உறுப்பினர்களும் மறுபடி காரில் வந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பளீலின் திருத்தத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் ஆளுக்கொரு தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். துரை அடுத்த வருஷம் ரோஜாவை விட்டுவிட்டு நாய் வளர்க்க ஆரம்பித்தார்.

ஒரு இடம் மட்டும் பாக்கியிருந்தது. துரைசாணியின் பெயரை எடுத்தாயிற்று. வேறு பெயர் வைக்க வேண்டும். பளீல் ஏட்டோடு அம்பிட்டியவுக்கு வந்து வீரம்மாவிடம் கேட்டார்.

"கூப்புடாமயே வந்துருச்சு," என்றாள் அவள். "அதுக்குப் பேரு எதுக்குங்க?"

பளீல் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். சங்கத்து ஏட்டில் பெயரில்லாத ரோஜா அது ஒன்றுதான். வீரம்மாவிடம் கேட்டுக் கொப்பு வாங்கிப் போனவர்கள் உண்டு. அவள் மனசோடு கொடுத்தவை போன இடத்திலேயே நின்றன. நடந்து வந்த செடி மட்டும் பழைய குணத்தை விடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மாரியம்மன் திருவிழாவுக்கு வீரம்மா ஒரு வாரம் தெல்தோட்டைக்குப் போவாள். அந்த வாரம் முழுக்க அது படலையைத் தாண்டி ரோட்டோரம் வந்து நிற்கும். அம்பிட்டிய பஸ்கள் அந்த இடத்தில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கிப் போகும். இறங்க வேண்டியவர்கள் சற்று முன்னாலேயே இறங்கிக்கொள்வார்கள்.