செறிவான மொழி

பிள்ளையின் கையிலிருந்த போனை மாமியார் வெடுக்கென்று பிடுங்கினாள். திரையில் சிரித்துக்கொண்டிருந்த முகம் ஏதோ கேட்க வாயெடுத்தது, அதற்குள் அணைந்துபோனது.

"இந்த வீட்டுல அந்தப் பாஷை காதுல விழக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? சீக்கிரமே பள்ளிக்கூடம் போகப்போற பிள்ளை. நாக்கு குழம்பிப் போயிடும்."

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மருமகள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவுக்கு வேற பாஷை தெரியாது அத்தை. பேத்திகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா..."

"பாக்கணும்னா பாக்கட்டும், யாரு வேணாம்னது? மூஞ்சியப் பாக்கறதுக்குப் பாஷை எதுக்கு?"

போன் பீரோவுக்குள் போனது. சாவி மாமியாரின் கைப்பைக்குள் போனது. இனிமேல் பிள்ளை தூங்கிய பிறகு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிள்ளையின் அப்பா, அதாவது அந்த வீட்டில் உப்புக்குச் சப்பாணியாக இருந்த ஒரே மகன், தன் காபிக் கோப்பையின் அடியில் ஏதோ கிடப்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து அறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்! 'பிறர் மொழிக்கு மரியாதை'ன்னு ஒரு பாடம் எழுதிட்டிருக்கேன். ஓட்டமே வர மாட்டேங்குது."

மாமனார் பேராசிரியர். மேலாண்மை சொல்லிக்கொடுப்பவர். இரண்டு பல்கலைக்கழகங்களும் சில கம்பெனிகளும் கூடிப் புதிதாக ஒரு படிப்பைத் தொடங்கப் போகின்றன. வேற்றுப் பண்பாட்டுக்காரர்களோடு எப்படிப் பழகுவது, எப்படி வேலை வாங்குவது என்பதுதான் படிப்பு. அதை வடிவமைக்கும் குழுவுக்கு இவர்தான் தலைவர்.

இந்தப் படிப்புக்கான அவசரம் கம்பெனிக்காரர்களுக்கு. அவர்களில் ஒருவர் வேறு நாட்டில் தொழிற்சாலை திறந்து, இங்கிருந்து ஒரு மேலாளரை அனுப்பியிருந்தார். அந்த மகானுக்குத் தொழிலாளர்களின் பெயர் எதுவும் வாயில் நுழையவில்லை. குட்டை, நெட்டை, மூக்கன் என்று தானே பெயர் வைத்துக் கூப்பிட்டார். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் இயந்திரங்கள் மட்டும் இருந்தன. குட்டையும் நெட்டையும் மூக்கனும் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

பேராசிரியர் இதைக் கேட்டு மிகவும் வருந்தினார். "பெயரைச் சரியாக உச்சரிப்பதே மரியாதையின் முதற்படி" என்று முதல் பாடத்தின் முதல் வரியை எழுதினார். அவருடைய மருமகளின் பெயரும் அந்த வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லைதான். மகன் வேலைக்குப் போன நாட்டிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது, வந்த வாரமே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர் பேராசிரியரே. ஆனால் அது குடும்பம், இது படிப்பு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்தானே அறிஞர்!

குழு கூடியது, கூடியது, கூடிக்கொண்டே இருந்தது. 'புரிதல்' என்று போடுவதா, 'பரஸ்பரப் புரிதல்' என்று போடுவதா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. கடைசியில் எல்லாம் முடிந்து கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நேரத்தில், கூடச் சேர்ந்த இன்னொரு பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவி ஒரு கேள்வி கேட்டார்.

"பாடமெல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதில்ல? மாணவர்கள் கண்ணால பாக்கறதுக்கு ஒரு உதாரணம் வேணும். ரெண்டு பண்பாடு சேர்ந்து வாழற இடம் எங்கயாவது இருக்கா?"

பேராசிரியருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. "எங்க போகணும் மேடம்? என் வீடே இருக்கே! என் மருமக பாஷைய நாங்க குடும்பத்தோட கத்துக்கிட்டோம்" என்றார்.

சனிக்கிழமை மாலை வருவதாகத் துறைத்தலைவி சொன்னார். ஒரு கம்பெனியின் மனிதவள அதிகாரியும் உடன் வருவதாக ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை அவர் மருமகளை அழைத்தார்.

"நாளைக்கு ரெண்டு பேர் வராங்கம்மா. நீ ஹால்ல உக்காந்து உன் பாஷைல கொஞ்ச நேரம் பேசணும்."

மருமகள் தன் காதை நம்பவில்லை. "ஹால்லயா மாமா? சத்தமாவா?"

"நல்லா சத்தமாவே பேசு. அத்தைகிட்ட நான் சொல்லிட்டேன். நாளைக்கு மட்டும் பரவாயில்லையாம்."

"என்ன பேசணும்?"

"எது வேணா பேசு. மொழிபெயர்ப்ப நான் ஏற்கெனவே எழுதி வெச்சுட்டேன்."

கேலி செய்கிறாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அதில் கேலியாக எதுவும் தெரியவுமில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். மகன் ஏதோ வேலை என்று முன்பே வெளியே நழுவியிருந்தான். சோபாவுக்குப் புது உறை போட்டிருந்தது. மாமியார் பலகாரத் தட்டுகளை வைத்துவிட்டு, மருமகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கை அந்தத் தோளுக்குப் புதிது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பிள்ளை அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டது.

மருமகள் பேச ஆரம்பித்தாள். அந்தக் கூடத்தில் தன் குரல் தன் மொழியில் கேட்பது அவளுக்கே யாருடைய குரலோ போலிருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "என் அம்மா காது மந்தமானவள். தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் காத்திருக்கிறாள். என் பிள்ளை அவளோடு பேச வேண்டும்." பிறகு நிறுத்திவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பேராசிரியர் காகிதத்தை உயர்த்திப் படித்தார். இந்த வீட்டில் காலடி வைத்த அன்றே தான் மகளாகிவிட்டதாக மருமகள் சொல்வதாகச் சொன்னார். மாமியார் சில வாரங்களிலேயே அவள் மொழியைக் கற்றுக்கொண்டு தாலாட்டுப் பாடியதையும் அவளால் மறக்க முடியாதாம். காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்திலும் இருந்தது. படித்து முடிக்கும்வரை மனிதவள அதிகாரி இரண்டு பலகாரம் சாப்பிட்டுவிட்டார்.

"அவங்க மூணே வரிதானே பேசினாங்க?" என்றார் துறைத்தலைவி.

"ரொம்பச் செறிவான மொழி மேடம்" என்றார் பேராசிரியர்.

"அழறாங்களே?"

"ஆனந்தக் கண்ணீர். அதையும் எழுதியிருக்கேன், இதோ, கடைசி வரி."

துறைத்தலைவி மாமியாரின் பக்கம் திரும்பினார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. சில வீடுகள்ல மருமக சொந்தப் பாஷை பேசினாலே தடுப்பாங்க."

"ஐயையோ, நாங்க ஏங்க தடுக்கப்போறோம்? அவ பாஷை அவ பேசறா. பிள்ளையும் தாராளமாப் பேசட்டும்னு நான்தான் சொல்லுவேன். பாவம், அவங்க அம்மாவுக்கும் ஆசை இருக்காதா?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வீட்டு மொழியை அவள் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டவள். எந்த வாக்கியத்தை எந்த இடத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

"ஆமா மேடம், அத்தையே சொல்லிட்டாங்க. எங்கம்மாவ இப்பவே கூப்பிடறேன், நீங்களும் பாருங்க. அத்தை, பீரோ சாவியக் குடுக்கறீங்களா? போன் அதுக்குள்ளதான இருக்கு."

"போன் ஏன் பீரோவுல இருக்கு?" என்று மனிதவள அதிகாரி கேட்டார். அவர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார்.

"பத்திரமா இருக்கட்டும்னு..." என்றாள் மாமியார். திருடனைத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? சாவியைத் தேடி எடுத்தாள். தானே எழுந்து போய்ப் போனைக் கொண்டுவந்து, சிரித்த முகத்தோடு நீட்டவும் வேண்டியதாயிற்று.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு முகம் வந்தது. பிள்ளை கத்திய கத்தலில் கூடமே அதிர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், படுக்கையில் அம்மா முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டே அது அத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருந்தது. பல்லி பார்த்தது, செருப்புத் தொலைந்தது, பால் பிடிக்காதது என்று எல்லாவற்றையும் கொட்டியது. அந்தப் பக்கம் அந்த அம்மாள் சிரித்தாள், அழுதாள், திரையையே முத்தமிட்டாள். இதற்கு மொழிபெயர்ப்பு யாரும் கேட்கவில்லை.

துறைத்தலைவி உருகிப்போனார். அங்கேயே கையெழுத்துப் போட்டார். "மாசா மாசம் மாணவர்களை இங்க அனுப்பறேன் சார். உங்க வீடே பாடம்" என்றார். பேராசிரியர் கைகூப்பி அதை ஏற்றுக்கொண்டார்.

கார் தெருமுனை திரும்பும்வரை மாமியார் கையசைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"கூத்து முடிஞ்சுதில்ல? போனக் குடு."

பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. மருமகள் நகரவில்லை.

"அடுத்த மாசம் மாணவர்கள் வராங்களாமே மாமா. உங்களுக்குச் சிரமம் வேணாம். அன்னிக்கு மொழிபெயர்ப்ப நானே பண்ணிடறேன்."

பேராசிரியர் மனைவிக்கு அவசரமாகக் கண்ஜாடை காட்டினார்.

"அங்க என்ன பேச்சு?" மாமியார் கையை நீட்டினாள். "குடுன்னா குடு."

மருமகள் நிமிர்ந்து நின்று, தன் சொந்த மொழியில், ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். கோபமில்லை, அழுகையில்லை. பிள்ளை கைதட்டிச் சிரித்தது.

மாமியார் கணவனிடம் திரும்பினாள். "என்னங்க, என்ன சொல்றா இவ?"

பேராசிரியருக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கையில் காகிதமும் இல்லை. அவர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். போனை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார்.

"தர மாட்டாளாம்" என்றார்.

அவர் அந்த மொழியிலிருந்து செய்த மொழிபெயர்ப்புகளில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.