ஆறு அங்குல ஆழம்

கியூபெக்கிலிருந்து பிரிஜித் அம்மாள் அனுப்பிய படத்தைத் திறந்தபோது நான் சோத்தோங் என்னும் கணவாய்ச் சம்பலோடு காலை நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கறுத்து வழவழத்துப்போன ஒரு தண்டு. அதன்மேல் எலிமயிர் போலச் சாம்பல் நிறப் பூசணம். படத்தையும் சம்பலையும் மாறி மாறிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டேன்.

எங்கள் ஆபிஸ் சுங்கை பெசாரில், ஒரு கருவாட்டுக் கடையின் மாடியில் இருக்கிறது. குளிர் நாட்டுத் தோட்டங்களுக்கு மரப் பியோனிச் செடி விற்கும் ஒரு வெளிநாட்டு நர்சரிக்காக, வாங்குகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எங்கள் பிழைப்பு. எழுதுவது நானும் ஆஃப்ரீனும். முதலாளி சுகுமாறன். மூவரில் ஒருவர்கூட அந்தப் பூவை நேரில் கண்டதில்லை. சீனர் கடைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. பனியும் அப்படித்தான். கிண்ணத்தில் சீவிப் போடும் ஐஸ் கச்சாங் வரைக்கும்தான் எங்களுக்குப் பழக்கம்.

உலு யாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் நாற்றுப்பண்ணை மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவன். அதனால்தான் இந்த வேலை கிடைத்தது. என் பெயருக்குக் கீழே ‘தோட்ட அனுபவம் நாற்பது ஆண்டுகள்’ என்று சுகுமாறன் போட்டுவிட்டார். எனக்கு வயது நாற்பத்தொன்று. தொட்டிலில் கிடந்த ஒரு வருஷத்தை மட்டும் நேர்மையாகக் கழித்திருந்தார்.

பிரிஜித் அம்மாள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஆறு செடி வாங்கி, எவ்வளவு ஆழத்தில் நடுவது என்று கேட்டார். நர்சரிக்காரர்கள் கொடுத்த குறிப்புத் தாள் மேசையில்தான் கிடந்தது, என் தே தாரிக் தேநீர்க் குவளைக்கு அடியில். தாளைப் பார்த்துப் பதில் சொல்ல நான் என்ன நேற்று வந்தவனா? ரப்பர் கன்றில் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேதான் நிற்க வேண்டும். மரப் பியோனியும் வேறொரு செடியின் வேரில் ஒட்டுப் போட்டதுதானே? “ஒட்டை மண்ணுக்கு மேலே விடுங்கள் அம்மா, மூடினால் அழுகிவிடும்” என்று மண்டோர் தோரணையில் எழுதினேன். பதில் அத்தனை அழகாக அமைந்துவிட்டதால் அதையே சேமித்து வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். மொத்தம் முப்பத்தேழு பேர்.

இன்று படத்தைப் பார்த்த பிறகுதான் குவளையை நகர்த்தினேன். மரப் பியோனியின் ஒட்டு ஆறு அங்குலம் மண்ணுக்குள் போக வேண்டுமாம். அப்போதுதான் மேல்தண்டு தனக்கென்று வேர் விடுமாம். வெளியே நின்றால் முதல் குளிர்காலமே அதைத் தின்றுவிடுமாம்.

படத்தோடு கடிதமும் இருந்தது. “நான்கு போய்விட்டன, மிஸ்டர் ராஜு. இரண்டில் ஒட்டுக்கு மேலே இன்னும் உயிர் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி, ஒட்டின்மேல் மண் விழுந்தால் தூரிகையால் தட்டிவிட்டு வந்தேன். மண் உறைய மூன்று வாரம் இருக்கிறது. ஏதாவது செய்யலாமா, பிடுங்கி எறியட்டுமா?”

சுகுமாறனிடம் ஓடினேன்.

“பாஸ், பிரிஜித் அம்மாவுக்கு நான் சொன்னது தப்பு. இப்பவே தோண்டி ஆழமா நட்டா மிச்சம் ரெண்டு செடியாவது பொழைக்கும்.”

அவர் பல்குத்தியை வாயிலிருந்து எடுத்து, அதன் முனையில் வந்திருந்ததை நிதானமாக ஆராய்ந்துவிட்டு, மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.

“இந்த வருஷம் குளிர் ஜாஸ்தின்னு எழுது. அடுத்த ஆர்டருக்குப் பத்து பெர்சென்ட் கழிவு குடு. செத்தாத்தானே ராஜு திரும்ப வாங்குவாங்க? உன் லெட்டர் போனதுலேருந்து ரெண்டாவது ஆர்டர் எப்படி ஏறியிருக்கு தெரியுமா? நீ ஜீனியஸ் லா!”

முதுகில் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்தைச் சட்டையோடு சேர்த்துத் துவைக்க வேண்டும் போலிருந்தது. அருவருப்பெல்லாம் அவர்மேல்தான் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதி. ஆனால் ‘ஜீனியஸ்’ என்றதும் என் வாய் ஒரு நொடி இளித்தது. அருவருப்பில் பாதி அந்த இளிப்பின்மேல்தான்.

“பதினோரு மணிக்கு வந்துடுவேன். பதில் போயிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஆஃப்ரீன் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “அண்ணே, உண்மைய எழுதுனா கன்ஃபர்ம் வேலை போயிடும்.”

“தெரியும். வீட்டுல என் பொண்டாட்டி அம்சவள்ளி என்னைய வெளிய தூக்கிப் போட்டுருவா.”

“அப்ப குளிர்னே எழுதுங்க லா.”

“தூரிகையால தட்டுனாங்களாம் ஆஃப்ரீன். நான் சொன்னேன்னு.”

அவள் குறிப்புத் தாளை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

எழுதினேன். தப்பு குளிருடையது அல்ல, என்னுடையது. நாற்பது வருஷமும் பொய். எனக்குத் தெரிந்தது ரப்பர் மட்டும். உயிருள்ள இரண்டையும் வேர் அறுபடாமல் தோண்டி, ஒட்டை ஆழமாகப் புதையுங்கள். கையெழுத்தாக ‘ராஜு’ என்று போடாமல் தங்கராஜு என்று முழுப் பெயரையும் போட்டேன். திட்டுகிறவருக்குச் சரியான பெயராவது கிடைக்கட்டும்.

அங்கே அப்போது இரவு ஒன்பதரை. பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது.

“ஆறு மாதமாக என் கைதான் சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அது நீங்கள். உங்களை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. விடிந்ததும் தோண்டுகிறேன். எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். இந்த முறை தாளைப் பார்த்து.”

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ‘ஆறு’ என்று எழுதினேன். எண்ணாகவும் எழுதினேன். என்மேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது.

பிறகு மற்ற முப்பத்தாறு பேரின் பட்டியலைத் திறந்தேன். அங்கெல்லாம்கூட மண் உறையத்தான் போகிறது.

ஆஃப்ரீன் நாற்காலியை இழுத்து அருகில் போட்டாள். “அந்த லெட்டரை நானும்தான் அனுப்புனேன். பாதி எனக்குக் குடுங்க. ‘மன்னிக்கவும்’ மேல வரணுமா, கீழ வரணுமா?”

“மேல. கீழ வரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க.”

இருபத்திரண்டாவது கடிதம் போகும்போது சுகுமாறன் படியேறி வந்தார். கதவைத் திறந்ததுமே, “என்ன ராஜு, பதில் போச்சா?” என்றார்.

“போய்க்கிட்டே இருக்கு பாஸ்” என்றேன், விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல்.