நடந்தால்தான் வெளிச்சம்

மூடிக்கிடந்த நூல் மில்லைப் பசுமைக் கட்டிடமாக மாற்றும் வேலையில், ஓதிச்சாமியின் பெண்டாட்டி பழனாத்தாளைக் குளிர்ச்சிக்கு வைத்துவிட்டார்கள். ஏசி போடக் கூடாது என்பது கம்பெனியின் கொள்கை. அதனால் பழனாத்தாள்.

அவள் சுண்ணாம்பு சுமக்கத்தான் போனாள். மத்தியானம் பழைய ஸ்பின்னிங் ஹாலில் ஒரு கல்மேல் உட்கார்ந்து சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்திருக்கிறாள். ஹால் குளிர்ந்துவிட்டது. எஞ்சினியர்கள் ஓடி வந்து காற்றில் கையை நீட்டிப் பார்த்தார்கள். அம்மா, எழுந்திருக்காதீங்க என்றார்கள். அவளும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கும் வரவில்லை.

ஓதிச்சாமி இதை நம்பவில்லை. வீட்டில் அவள் உட்கார்ந்து எதுவும் குளிர்ந்ததாக அவருக்கு நினைவில்லை. சொல்லப்போனால் அவள் உட்கார்ந்ததே நினைவில்லை. படித்தவன் ஒரு பொருளைப் பார்த்து ஆகா என்றால் அதைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான். அவர் அறிந்த உலகம் அவ்வளவுதான்.

தானே சோறு பொங்கிப் பார்த்தார். அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே பொங்கியதில் ஒருநாள் குழைந்தது, ஒருநாள் கருகியது. பிறகு ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிவரக் கிளம்பினார்.

அவர் அதே மில்லில் சைடராக இருந்தவர். சைடர் என்றால் இரண்டு மெஷின்களுக்கு நடுவிலுள்ள சந்தில் போவதும் வருவதுமாக இருப்பவன். நூல் அறுந்தால் ஒட்டவேண்டும். ஒட்டிவிட்டு நடக்கவேண்டும். ஸ்டூல் கிடையாது. மில்லை மூடினார்கள். மெஷின்களைக் காயலாங்கடைக்கு அனுப்பினார்கள். ஓதிச்சாமியின் கால்களுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அவை நடந்துகொண்டே இருந்தன. வாசலிலிருந்து புறக்கடை, புறக்கடையிலிருந்து வாசல். வீட்டுத் தரையில் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் போகும்.

மில் கேட்டில் செபஸ்தியான் நின்றிருந்தார். அந்தக் காலத்திலிருந்து அவர்தான் வாட்ச்மேன். இடுப்பிலிருந்து கழுத்துவரை கொடி படர்ந்திருந்தது. ஒரு பெண் வந்து அவருடைய காலருக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

“என்ன செபஸ்தி இது?”

“சுவருல ஏத்தற தோட்டமுங்ணா. சுவரு பத்தலையாம்.”

“அரிக்கலையா?”

“பூத்தாத்தான் அரிக்குமுன்னு சொல்லியிருக்காங்க.”

“பழனாத்தாளக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“போறது போலாம். வாறதுதான் சிரமம். பழசு எதையும் வெளிய உடக் கூடாதுங்கறாங்க. செங்கல்லு, கதவு, ஆணி, எல்லாம் உள்ளயே இருக்கோணும். மறுபடி உபயோகப்படுத்தறாங்களாம்.”

“நான் பழசா?”

செபஸ்தியான் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “ஊட்ல கண்ணாடி இல்லீங்ளா?” என்றார்.

கேட்டைத் திறப்பதும் மூடுவதும் செபஸ்தியான் கையில் இல்லை. அது கரண்டு கேட். கரண்டு போனால் தானாக அகலத் திறந்துகொள்ளும். கரண்டு இருந்தால் உள்ளே வருகிற ஆளைப் பார்த்துத் திறக்கும், வெளியே போகிற ஆளுக்குத் திறக்காது. ஓதிச்சாமியைப் பார்த்ததும் சந்தோஷமாகத் திறந்தது. அவர் உள்ளே கால்வைத்ததும் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

வெளியே நல்ல வெயில். உள்ளே வராந்தா இருண்டு கிடந்தது. ஓதிச்சாமி ஓர் அடி வைத்தார். தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்தது. இன்னோர் அடி வைத்தார். வரிசையாக எரிந்தன. நின்றார். எல்லாம் அணைந்தன.

“நிக்காதீங்க ஐயா” என்று பக்கத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. “நின்னா நான் தெரிய மாட்டேன்.”

நடந்தார். ஒரு பெண் தெரிந்தாள். கழுத்தில் அட்டை, உடம்பில் கம்பளிச் சட்டை. பெயர் தாரணி என்றாள். கட்டிடத்தின் பசுமை அவள் பொறுப்பு என்றாள். ஓதிச்சாமி சுற்றும் முற்றும் பார்த்தார். சுவர் சாம்பல், தரை சாம்பல், கூரை சாம்பல். பச்சையாக இருந்தது செபஸ்தியான் மட்டும்தான்.

“என்ற பொண்டாட்டிய அனுப்பி உடு அம்மிணி.”

“தரையைப் பாத்தீங்களா ஐயா? மிதிச்சா கரண்டு வரும். நாங்க மிதிச்சா ஒரு செல்போன் சார்ஜ் ஆகும். நீங்க நாலு அடி வச்சீங்க, லிஃப்ட் ஓடுது.”

மேலே யாரோ கைதட்டினார்கள்.

“நான் லிஃப்ட் ஓட்ட வரல. பொண்டாட்டியக் கேக்கறேன்.”

“அவங்க வந்துட்டா நீங்க நடப்பீங்களா?”

“நடப்பேன்.”

“நிம்மதியா நடப்பீங்க. நிம்மதியா நடந்தா வோல்டேஜ் வராதுங்க ஐயா. சோதிச்சுப் பாத்தாச்சு. இப்ப நடக்கறீங்களே, இந்த நடைதான் வேணும்.”

“அப்ப அவள உடமாட்டீங்க.”

“அப்பிடிச் சொல்லலீங்க. நீங்க போய்க் கூப்பிடலாம். அதோ இருக்காங்க.”

வராந்தாவின் கடைசியில் ஒரு வாசல் தெரிந்தது. வாசலுக்குள் பழனாத்தாள், தீப்பெட்டி அளவில், உட்கார்ந்திருந்தாள். ஓதிச்சாமி வேகமாக நடந்தார். அவள் தீப்பெட்டி அளவிலேயே இருந்தாள். இன்னும் வேகமாக நடந்தார். அவள் தீக்குச்சி அளவு ஆனாள்.

“வராந்தா நீளுதே.”

“ஆமாங்க. நல்லா நடக்கிற ஆளு கெடச்சா நீளும். யாரும் சொல்லிக் குடுக்கல. அதுவா செய்யுது.”

“இது ஏமாத்து.”

“இயற்கைங்க ஐயா.”

ஏமாற்றுகிறவன் எல்லாம் கடைசியில் இயற்கைமேல்தான் பழி போடுகிறான் என்று ஓதிச்சாமி நினைத்தார். அவளை முறைத்தார். முறைத்ததில் வோல்டேஜ் ஏறி விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. தாரணி நன்றி சொன்னாள்.

அப்போது சுவரோரமாக ஒரு நூல் அறுந்து தொங்கியது. அங்கே மெஷின் இல்லை. நூல் மட்டும் காற்றில் தொங்கியது. ஓதிச்சாமியின் கை தானாகப் போய் அதைப் பிடித்து முறுக்கி ஒட்டியது. அடுத்தாற்போல் இன்னொன்று அறுந்திருந்தது. அதையும் ஒட்டினார். அறுந்த நூலைப் பார்த்துவிட்டு எந்த சைடரும் நேராக நடக்கமாட்டான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பக்கவாட்டில் கால் வைத்து, ஒட்டிக்கொண்டே நகர்வான். ஓதிச்சாமியும் நகர்ந்தார். பெண்டாட்டியைக் கூப்பிட வந்தவர் அதை மறந்து நூல் ஒட்டினார்.

பக்கவாட்டில் போகிறவனை வராந்தா கவனிக்கவில்லை. நீள மறந்துவிட்டது. கடைசி நூலை ஒட்டித் திரும்பியபோது வாசல் அவர் தோளில் இடித்தது.

ஹாலில் நிறையப் பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் குரங்குக்குல்லா போட்டுச் சால்வை போர்த்தியிருந்தார்கள். ஒருவன் பல் கிடுகிடுக்கக் கம்ப்யூட்டர் தட்டினான். நடுவில் கல். கல்மேல் பழனாத்தாள். அவளுக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்திருந்தார்கள். காலைத் தொங்கவிட்டு, கையை மடியில் வைத்து, எங்கேயும் பார்க்காமல் இருந்தாள். ஓதிச்சாமிக்கு யாரோ மாதிரி இருந்தது. இவ்வளவு நேரம் அவள் முகம் ஒரே இடத்தில் இருந்து அவர் பார்த்ததில்லை.

“வந்துட்டீங்ளா” என்றாள்.

“எந்திரி. ஊட்டுக்குப் போலாம்.”

“சோறு உண்டீங்ளா?”

“கருகிப்போச்சு. எந்திரி புள்ள.”

அவர் கல்லைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். நின்றால் இருட்டிவிடும், அவள் தெரியமாட்டாள்.

“ஊட்ல நான் எங்கீங்க உக்கார்றது?”

“கட்டில் கெடக்குது.”

“நீங்க நடக்கற வழில கெடக்குது.”

“நகத்திப் போட்டுக்கறது.”

“எங்க நகத்துனாலும் அது வழியாயிருது. அடுப்படி வழி, வாசப்படி வழி. நான் சுவத்தோட சுவரா நின்னுதானுங் சோறு உண்டேன். இவங்க எந்திரிக்காதீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.”

ஓதிச்சாமி ஒரு சுற்று வந்தார். குல்லாக்காரர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இவங்க உன்னய ஏசி மெஷினா வெச்சிருக்கறாங்க.”

“தெரியுமுங். எனக்கும் போகோணும்னுதான் இருக்குது. குளுருக்கு முட்டி புடிச்சுக்குது. என்ற குளுரு எனக்கே ஆகறதில்ல.”

“பொறகென்ன? வா.”

“கேட்டு உடாதுங். நீங்க நடந்தா கரண்டு. கரண்டு இருந்தா கேட்டு மூடிக்கும்.” அவள் தலையணையை ஒதுக்கிக் கல்லில் இடம் விட்டாள். “உக்காருங்க.”

“எங்க?”

“எம்பக்கத்துல.”

ஓதிச்சாமி இன்னும் ஒரு சுற்று வந்தார். பிறகு இன்னும் ஒரு சுற்று.

“ஒருக்கா உக்காருங்க மாமா. நான் எந்திரிங்கன்னு சொல்ற வரைக்கும் இருங்க. நான் ஊட்டுக்குப் போறேன்.”

அவர் உட்கார்ந்தார். முதலில் முதுகு உட்கார்ந்தது. பிறகு தொடை. கால்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தன.

விளக்குகள் அணைந்தன. வெளியே கேட் தானாக அகலத் திறந்துகொண்டது. எங்கோ லிஃப்ட் நின்று, அதற்குள்ளிருந்து ஒருவர் ஹலோ, ஹலோ என்றார்.

“ஐயா” என்று இருட்டில் தாரணியின் குரல் வந்தது. “எந்திரிங்க ஐயா. எம்.டி. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு.”

“நீங்க பேசாம இருங்க மாமா” என்றாள் பழனாத்தாள்.

ஓதிச்சாமி பேசாமல்தான் இருந்தார். வலது முழங்கால் இருக்கவில்லை. அது தானாக ஆடியது. ஆட ஆடக் கூரையில் ஒரு விளக்கு மின்மினி மாதிரி விட்டுவிட்டு எரிந்தது. தூரத்தில் கேட் மூடுவதற்கு ஒரு சாண் நகரும் சத்தம் கேட்டது.

“அது போதுங்க ஐயா!” என்றாள் தாரணி. “அப்பிடியே ஆட்டுங்க!”

“கைய வெச்சு அமுக்குங்க” என்றாள் பழனாத்தாள்.

அமுக்கினார். கைக்குக் கீழே கால், பிடிபட்ட கோழி மாதிரி துள்ளியது. விளக்கு அணைந்தது. கேட் நின்றது.

“அப்பிடித்தானுங். இருங்க.”

பக்கத்தில் கல் மெல்லச் சூடாயிற்று. அவள் எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது. காலடிச் சத்தம் இல்லை. விளக்கும் எரியவில்லை. யார் மிதித்தாலும் கரண்டு எடுக்கிற தரைக்கு அவள் போவது தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வழியில் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தவள்.

வராந்தாவின் கோடியில் திறந்த கேட் ஒரு வெயில் துண்டாகத் தெரிந்தது. வராந்தா நீளவில்லை. வெயிலில் அவள் உருவம் தெரிந்தது. எழுந்து நாலு எட்டு ஓடினால் பிடித்துவிடலாம். எழுந்தால் விளக்கு எரியும். எரிந்தால் கேட் மூடும். ஓதிச்சாமிக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. ஹாலில் குல்லாக்களைக் கழற்றும் சத்தம் கேட்டது.

கேட்டில் செபஸ்தியானின் குரல் வந்தது.

“என்ன தங்கச்சி, தனியா வாறே? அண்ணன் வரலையா?”

“உக்காந்திருக்காருங்ணா” என்றாள் பழனாத்தாள். மெதுவாகச் சொன்னாள். தொட்டிலில் போட்ட குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். “இப்பத்தான் உக்காந்தாரு. யாரும் எழுப்பி உட்ராதீங்க.”

முழங்கால் ஒரு துள்ளு துள்ளியது. கேட் ஒரு சாண் நகர்ந்தது. ஓதிச்சாமி இன்னொரு கையையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.